சின்னம்மாவும் சிற்றன்னையும்: மல்லாவியில் ஒரு படத்தை மூன்று தரம் பார்த்த கதை

மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து நெல்லுச் சாக்குகள் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்த நேரம். இலங்கையின் வடக்கே, வன்னியில், மல்லாவிப் பக்கம் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பார்த்து ஆராய்கிற வகுப்பொன்றை நடத்தினேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகள், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்த சிலர், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெடியன்கள், ஆக 14 பேர். பின்னால் வாங்கில் தேத்தண்ணி போட வந்த ஒரு மாமி. அவவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது முதல் பிழை.

வகுப்பு ஒழுங்காக நடந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் கொண்டுபோன முறை எங்கே பிசகியது, பிள்ளைகள் அதை எப்படித் திருத்தினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். பாத்திரம், கருப்பொருள், தழுவல் என்று நாங்கள் வகுப்பில் சொல்கிற சொற்களெல்லாம் இந்த ஊருக்குள் வந்தபோது என்ன ஆனது என்பதும் இதில் இருக்கிறது.

எடுத்துக்கொண்ட படம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, 1979. அதற்கு வித்தாக இருந்த கதை புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிமையானது. கதையிலிருந்து தான் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான் என்பதை மகேந்திரன் மறைத்ததில்லை. ஆகவே ‘கதையைக் கெடுத்துவிட்டார்’, ‘கதையை அப்படியே எடுத்துவிட்டார்’ என்ற இரண்டு பேச்சுக்கும் இடமிருக்காது என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் மகேந்திரன் வன்னிக்கு வந்து, இங்கே படம் எடுக்க ஆசைப்பட்டவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய மகன் ஜான் மகேந்திரன் ‘ஆணிவேர்’ படத்தை இந்த மண்ணில்தான் எடுத்தார். அது 2006இல் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. அவர்களுக்கு மகேந்திரன் என்றால் ‘தெறி’யில் வந்த வில்லன் தாத்தா. சரி, அதுவும் ஒரு அறிமுகம்தான்.

முதல் நாள்

யானைப் பயத்தால் ஆறு மணிக்கு முன்னம் எல்லாரும் வீட்டில் நிற்க வேண்டும். பகலில்தான் படம் போடலாம். யன்னல்களைப் படங்கால் மறைத்தோம். திரைக்குக் கட்டிலில் விரிக்கிற வெள்ளைத் துணி. நடுவில் ஒரு தையல் மடிப்பு ஓடியது. யார் முகம் கிட்டக் காட்டப்பட்டாலும் அந்த மடிப்பு மூக்கைக் கடந்து போனது. தகரக் கூரை வெயிலில் நெளிந்து டக் டக்கென்று சத்தம் போட்டது. இந்தப் படத்தில் மௌனங்கள் அதிகம் என்பதால் அந்தச் சத்தம் இன்னும் கூடுதலாகக் கேட்டது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுந்தரவடிவேலு ஊரில் செல்வாக்குள்ள மனிதர். மனைவி லட்சுமி நோயாளி. இரண்டு பிள்ளைகள். லட்சுமியின் தங்கை செண்பகத்தையும் தனக்கே கட்டித் தரும்படி மாமனாரிடம் கேட்கிறார். மாமனார் மறுக்கிறார். லட்சுமி இறக்கிறாள். அவர் வேறொருத்தியைக் கட்டுகிறார். பிறகு செண்பகத்தை மானபங்கப்படுத்துகிறார். ஊர் பொங்கி எழுந்து அவரை ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. ஆற்றுக்குள் அவரே நடந்து போகிறார். போகுமுன், இதுவரை நான் ஒருவன்தான் கெட்டவன், இப்போது உங்கள் எல்லாரையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய பாவம் இதுதான் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். கரையில் பிள்ளைகள்.

நான் ஒரு அட்டவணை அடித்துக் கொண்டுபோயிருந்தேன். பாத்திரம், நற்பண்பு, தீய பண்பு, சான்று என்று நாலு நிரல். உயர்தரத் தமிழ்ப் பாடத்துக்குக் குறிப்புக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. ‘பாத்திரப் பண்பை விளக்குக’ என்ற கேள்விக்கு இருபது வருடமாக விடை எழுதியும் எழுதுவித்தும் வருகிறவர்களுக்கு வேறெப்படி யோசனை வரும்?

தாள்களைத் திருப்பி வாங்கியபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வசனம்: ‘சுந்தரவடிவேலு கொடூர குணம் படைத்தவர்.’ லட்சுமி ‘பொறுமையின் சின்னம்’. பிள்ளைகள் ‘கள்ளங்கபடமற்றவர்கள்’. படமே பார்க்காமல் இதை எழுதியிருக்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் விடைகள் பிரிந்தன. ஊர் செய்தது சரியா பிழையா என்பதில் பாதிப்பேர் ‘ஊரின் செயல் அளவு கடந்தது’ என்று எழுதியிருந்தார்கள். படம் அவர்களை அவ்வளவு நுட்பமாக யோசிக்க வைத்திருக்கிறதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி ஒரு கிழமை தாங்கவில்லை. உண்மை என்னவென்றால், செண்பகத்தை அவர் மானபங்கப்படுத்துகிற காட்சியை நான் ஓட்டிவிட்டிருந்தேன். வாசிகசாலைப் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள், பெண் பிள்ளைகள் இருந்தார்கள், எனக்குக் கூச்சமாகிவிட்டது. விசையை அழுத்திக் கடந்துவிட்டேன். அந்தக் காட்சியைக் காணாதவர்களுக்கு ஊரின் கோபம் மிகையாகத்தானே தெரியும்? படம் கேட்ட கேள்விக்கு வந்த பதில் என்று நான் நினைத்தது என் விரல் செய்த வேலை.

மாமி கேட்டது

அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமி சாதாரணமாகக் கேட்டா: “தம்பி, அந்த மனுசன் மச்சாளைக் கேட்டதிலை என்ன பிழை? அக்காவின்ரை பிள்ளையளைத் தங்கச்சி பாக்கிறமாதிரி ஆர் பாப்பினம்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவ சொன்னது எங்கள் பக்கத்தில் நடக்கிற விசயம். மனைவி செத்தால் அவளின் தங்கையைக் கட்டி வைப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்று குடும்பமே கூடிப் பேசி முடிவெடுக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு இப்படி ஒட்டுப்போட்டுச் சேர்த்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் எத்தனையோ. அந்தக் கண்ணோடு பார்த்தால் சுந்தரவடிவேலுவின் கேள்வி கொடூரம் அல்ல, வழக்கம். நான் எழுதிக்கொடுத்த ‘தீய பண்பு’ நிரலில் முதலாவதாக நின்ற சான்று, பின் வாங்கில் இருந்து பார்த்தவவுக்குச் சான்றே இல்லை.

மாமிக்குப் பதில் சொன்னது நான் அல்ல. முன் வரிசையில், எப்போதும் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிற ஒரு பிள்ளை. “மாமி, அக்கா உயிரோடை இருக்கேக்கை கேட்டவர்.”

மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “ஓம், அதுதான்” என்றா.

இந்த இரண்டு வரிப் பேச்சு என் நாலு நிரலையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வழக்கம் ஒன்று இருக்கிறது, அந்த வழக்கத்தின் போர்வைக்குள் ஒருவர் தன் ஆசையை வைத்துக் கொண்டுவருகிறார். அவர் கேட்டது பிழையில்லை, கேட்ட நேரம்தான் பிழை. சாகப்போகிறவள் அடுத்த அறையில் படுத்திருக்க அவள் இடத்தை நிரப்பக் கேட்பது. ‘கொடூர குணம்’ என்ற பண்புப்பெயரில் இது அகப்படாது. நடித்த விஜயனும் அப்படித்தான் நடித்திருக்கிறார்: குரலை உயர்த்துவது அரிது, மெல்லிய சிரிப்பு, ஒரு நியாயமான மனிதர் நியாயமானதைக் கேட்கிற தோரணை. சத்தம் போடுகிற வில்லன்களையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் ‘கொடூரம்’ என்று எழுதியது முகத்தைப் பார்த்து அல்ல, கதையின் முடிவைப் பார்த்து.

கதையோடு இரண்டாம் தரம்

அடுத்த ஞாயிறு ‘சிற்றன்னை’யை நிழற்படி எடுத்துக் கொண்டுபோய், ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தம் போட்டு வாசித்தோம். திருநெல்வேலிப் பேச்சு சில இடங்களில் நாக்கைச் சுற்றியது. ஆனால் இரண்டு பக்கம் தாண்டும் முன்னமே ஒரு பெடியன் கையைத் தூக்கிவிட்டான். “சேர், இஞ்சையும் சுந்தரவடிவேலுதான். ஆனா இந்த ஆள் வேறை ஆள்.”

அவன் பிடித்தது சரியான இடம். கதையில் வருகிற சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். முதல் மனைவி இறந்தபின் மரகதம் என்ற இளம் பெண்ணைக் கட்டியவர். குழந்தை மேல் பாசமுள்ள மனிதர். கதை அந்த வீட்டின் உள்ளே, இரண்டு குழந்தைகளுக்கும் இளைய தாய்க்கும் இடையில் நிற்கிறது. பெயரே அவளுடையதுதான்: சிற்றன்னை. படத்துக்கு வந்தபோது மகேந்திரன் சுந்தரவடிவேலு என்ற பெயரை மட்டும் எடுத்து, அதன் கீழ் முற்றிலும் வேறொரு மனிதனை நிறுத்தினார். பேராசிரியர் போய்விட்டார், ஊர்ப் பெரியவர் வந்துவிட்டார். வீட்டுக்குள் இருந்த பாரம் ஊருக்கு மேல் போனது. மாற்றாந்தாயின் மேல் விழுந்திருக்கக்கூடிய பழி தகப்பன் மேல் விழுந்தது.

ஒரு தழுவலைப் பார்க்கும்போது எதை வைத்தார், எதை விட்டார் என்று பட்டியல் போடுவது எங்கள் வழக்கம். அந்தப் பட்டியல் போட்டால் இங்கே ‘வைத்தவை: பெயர், இரண்டு குழந்தைகள். விட்டவை: ஏறக்குறைய எல்லாம்’ என்று முடிந்துவிடும். பயன் இல்லை. பழி யார் தலையிலிருந்து யார் தலைக்கு மாறியது என்று கேட்டால்தான் ஏதோ பிடிபடுகிறது. இதை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் பெடியனின் ‘வேறை ஆள்’ என்ற சொல்லுக்குப் பிறகு.

இன்னொருவன் விடவில்லை. “அப்ப ஏன் சேர் அந்தப் பெயரை வைச்சவர்? வேறை கதையெண்டால் வேறை பெயர் வைக்கலாம்தானே. இது கதையைக் கெடுத்ததுதான்.”

நான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பற்றிக் கேட்டேன். வைகாசிப் பொங்கலுக்குப் போகாத பிள்ளை அந்த அறையில் இல்லை. இளங்கோவின் கண்ணகி மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்து, வேங்கை மர நிழலில் நின்று, கோவலனோடு வானூர்தியில் ஏறிப்போனவள். எங்கள் கண்ணகி இங்கே வந்தவள். தங்கிய பத்தாவது இடமானதால் பத்தாப்பளை என்று இருந்ததுதான் வற்றாப்பளை ஆயிற்று என்று சொல்கிறோம். கடல் நீரில் விளக்கெரிகிறது என்கிறோம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் இன்னொரு விதம். இதெல்லாம் இளங்கோவைக் கெடுத்ததா? பெடியன் யோசித்துவிட்டு, “அது அம்மன், சேர்” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ‘கெடுத்தது’ என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் அந்த முன்வரிசைப் பிள்ளை இன்னொன்று கேட்டது. இந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது அதுதான். “சேர், சிற்றன்னை எண்டால் ஆர்? தேப்பன் ரெண்டாந்தரம் கட்டினவவா, அம்மாவின்ரை தங்கச்சியா?”

அகராதிக்குப் போனால் இரண்டும் உண்டு. எங்கள் பேச்சில் இரண்டு பேருமே சின்னம்மாதான். இப்போது படத்துக்குத் திரும்புங்கள். செண்பகம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே சின்னம்மா. சுந்தரவடிவேலு கேட்பது, இந்தச் சின்னம்மாவை அந்தச் சின்னம்மா ஆக்கித் தரும்படி. ஒரே சொல்லின் ஒரு பொருளிலிருந்து மற்றப் பொருளுக்கு ஒரு பெண்ணை இழுப்பதுதான் படத்தின் முடிச்சு. பிறகு அவர் கட்டிக்கொண்டுவருகிற மற்றவளும் சின்னம்மா. புதுமைப்பித்தனின் தலைப்பை மகேந்திரன் தூக்கிப் போட்டுவிட்டார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தலைப்பு இரண்டு பெண்களாகப் பிரிந்து படத்துக்குள் இருந்திருக்கிறது. மகேந்திரன் இதை யோசித்துச் செய்தாரா என்பது வேறு கதை. வன்னியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

ஆற்றங்கரை

மூன்றாம் தரம் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தோம். ஓட்டிவிட்ட காட்சியை நான் ஓட்டிவிட்டேன் என்று முதலில் சொன்னேன். பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம். ஒருத்தி நேராகவே கேட்டாள்: “ஊர் ஒரு மனுசனைச் சாக விடுறதைக் காட்டலாம், அதைக் காட்டக் கூடாதோ சேர்?” நான் பதில் சொல்லாமல் காட்சியைப் போட்டேன். பார்த்து முடித்ததும் ‘அளவு கடந்தது’ என்று எழுதியவர்களில் பலர் தாளை வாங்கி வெட்டினார்கள். வெட்டாதவர்களும் இருந்தார்கள், அது நல்லது.

பிறகு ஆற்றங்கரை. ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தரம் பார்த்தோம். பெடியன்கள் சுந்தரவடிவேலுவைப் பார்த்தார்கள். நான் கரையில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கச் சொன்னேன்: யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, யார் எங்கே பார்க்கிறார். முடிந்ததும் ஒருவன் சொன்னான்: “அவ்வளவு பேருக்குள்ளை ஒரு ஆளாவது வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்.”

பின்னுக்கிருந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தவன், கொஞ்சம் மூத்தவன்: “சொன்னா என்ன நடக்கும் எண்டு தெரியாதோ?”

அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. கூரை மட்டும் சத்தம் போட்டது. வகுப்பு நடத்துகிறவன் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டு உரையாடலை வளர்க்க வேண்டும் என்றுதான் பயிற்சிகளில் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. யன்னலில் ஒரு படங்கைக் கழற்றி வெளிச்சத்தை விட்டேன்.

அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அது படத்தின் கருப்பொருளை நாயகன் வாயாலேயே சொல்லிவிடுகிறது, அதுவும் குற்றவாளியின் வாயால். கூட்டத்தின் முகங்களே போதும் என்பது என் கட்சி. வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. “அவர் சொல்லாட்டி ஊர் தாங்கள் நல்லவை எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போயிருக்கும்” என்றாள் ஒருத்தி. இன்னொருவன் இன்னும் கூர்மையாக, சாகப் போகிற நேரத்திலும் மற்றவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறார், கடைசி வரைக்கும் அவர் மாறவேயில்லை, அதுதான் அந்த வசனம் என்றான். நான் இந்தப் படத்தைப் பல தரம் பார்த்தவன், அப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. என் குறையை இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் முன்போல உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மாற்றிய தாள்

நாலு நிரல் அட்டவணை போய்விட்டது. இப்போது கொடுக்கிற தாளில் பண்புப்பெயர் எழுதத் தடை. ‘கொடூரமானவர்’, ‘அன்பானவர்’ எதுவும் கூடாது. ஒரு பாத்திரம் என்ன செய்தது, எப்போது செய்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் எழுதலாம். மாமியும் பிள்ளையும் பேசிக்கொண்டதிலிருந்து ‘எப்போது’ வந்தது. ‘யார் பார்த்தார்கள்’ ஆற்றங்கரையிலிருந்து வந்தது. தழுவலுக்கு ஒரு கேள்வி: மூலக்கதையில் யார் சுமந்ததை இங்கே யார் சுமக்கிறார்? பரீட்சைக்கு இது உதவுமா என்று ஒரு தகப்பன் வந்து கேட்டார். நேரடியாக உதவாது என்று சொன்னேன். பிள்ளையை நிறுத்தவில்லை, நல்ல மனிதர்.

முறையிலும் ஒன்று மாறியது. படம் போடுமுன் நானே தனியாக முழுவதும் பார்த்து, எந்தக் காட்சி எனக்குக் கூச்சம் தருகிறது என்று குறித்துக்கொள்கிறேன். ஓட்டுவதற்கு அல்ல. அந்தக் காட்சி வரும்போது நான் அறையில் எங்கே நிற்பது என்று முடிவெடுப்பதற்கு. மாமியின் பெயரும் வரவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

கடைசி வேலையாக, படத்தில் இல்லாத ஒரு காட்சியை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். பெடியன்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆற்றங்கரையையே மறுபடி எழுதினார்கள். ஒருவன் அதை வவுனிக்குளக் கட்டுக்குக் கொண்டுவந்து, துருசுக் கதவு திறந்து தண்ணீர் பாய்கிற சத்தத்தில் அந்தக் கடைசி வசனம் ஒருவருக்கும் கேட்காமல் போவதாக எழுதியிருந்தான். என் குறையை அவன் மறக்கவில்லை போலிருக்கிறது.

முன்வரிசைப் பிள்ளையின் தாளில் ஆறு இல்லை. அதே நாள் பின்னேரம், சுந்தரவடிவேலுவின் வீடு. அவர் பிறகு கட்டிய பெண் அடுப்படியில் இருக்கிறாள். ஆற்றில் நடந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எழுதவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஈரக் காலோடு முற்றத்தில் வந்து நிற்கிறார்கள், உள்ளே வரவில்லை. அவள் பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று அகப்பையால் கிளறிப் பார்க்கிறாள். பிறகு மூன்று கோப்பை எடுத்து வைக்கிறாள். தாளின் மேலே, தலைப்புக்கு விட்ட இடத்தில், ‘சின்னம்மா’ என்று எழுதியிருந்தது.